குழம்பா, வறுவலா? மீனின் சத்து எங்கே போகிறது?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. சில மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடலாம், எண்ணெயில் பொரிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவருக்கோ வஞ்சிர வறுவல் இல்லாமல் சோறு இறங்காது. "குழம்பில் கொதிக்கவிட்டால் சத்தெல்லாம் தண்ணீரில் போய்விடும், வறுத்தால் உள்ளேயே நிற்கும்" என்று வாதம் செய்கிறார். நாகர்கோவிலில் இருந்து வந்திருக்கும் என் மாமியார், சாளை வாங்கி மண்சட்டியில் வைத்தால்தான் அது மீன் என்கிறார். சூடு பட்டாலே ஒமேகா-3 செத்துப்போகும் என்று என் தங்கை வீடியோ அனுப்புகிறாள். மகனுக்குப் பத்து வயது. மீன் வாடை பிடிக்காது, கட்லெட் என்றால் சாப்பிடுவான். அதற்கு மீனை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். இதில் எது சரி? ஏர் ஃபிரையர் வாங்கலாமா? மறுநாள் குழம்பும் கருவாடும் அவருக்குக் கொடுக்கலாமா? மீன் எண்ணெய் மாத்திரை வேண்டுமா?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு மீனுக்கு உங்கள் வீட்டில் நாலு கட்சி. நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் உங்களால் யாரையும் மறுக்க முடியவில்லை. தங்கையின் வீடியோவை முதலில் முடித்துவிடுவோம். அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

மீனில் நமக்கு அதிக அளவில் கிடைக்கும் சத்து புரதம். பச்சை மீனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் வரை இருக்கும். சூடு பட்டதும் அது இறுகும், வெள்ளையாகும்; அளவு குறையாது, செரிப்பதும் சுலபமாகிறது. அயோடின், செலினியம், கால்சியம் எல்லாம் தாதுக்கள், அவற்றை எந்த அடுப்பாலும் எரித்துவிட முடியாது. வைட்டமின்களில் சூட்டுக்கு உண்மையிலேயே பயந்தது பி1. நியாசின் அசைந்துகொடுக்காது. பி12 இரண்டுக்கும் நடுவில், சமைக்கும் விதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மத்தி குடும்பத்து மீன்கள் சிலவற்றில், பச்சையாக இருக்கும்போது பி1-ஐச் சிதைக்கிற தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. வேகவைத்தால்தான் அது அடங்கும். ஆக, சமையல் எடுக்கவும் செய்கிறது, காப்பாற்றவும் செய்கிறது.

ஒமேகா-3 பற்றிய பயம் முழுக்கப் பொய் இல்லை. மீனில் இருக்கும் இரண்டு முக்கியமான ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இ.பி.ஏ.வுக்கு ஐந்து இரட்டைப் பிணைப்புகள், டி.எச்.ஏ.வுக்கு ஆறு. இந்த இடங்களில்தான் ஆக்சிஜன் வந்து ஒட்டும், கொழுப்பு கெடும். சூடு அதை வேகப்படுத்தும். ஆனால் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. குழம்பு 100 டிகிரி பக்கத்தில் கொதிக்கும், மீன் அதில் கிடப்பது பத்து நிமிடத்துக்குள். பொரிக்கிற எண்ணெய் 170, 180 டிகிரி இருந்தாலும், துண்டின் நடுவில் ஈரம் இருக்கும்வரை அங்கே 100-ஐத் தாண்டாது. முழு சூட்டையும் வாங்குவது மேல்தோலும் ஓரமும்தான். அதனால் பருத்த வஞ்சிரத் துண்டு தப்பிக்கும். மொறுமொறு என்று காயும்வரை வறுத்த நெத்திலிக்கு உள், வெளி என்று இரண்டு கிடையாது, அத்தனையும் ஓரம்தான். வீட்டில் ஒழுங்காகச் சமைத்த மீனில் ஒமேகா-3-யின் பெரும்பங்கு மிஞ்சும் என்று தங்கைக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கணவரின் வாதம். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பாதி சரி.

மீன் வேகும்போது சதை சுருங்கி நீரை வெளியே தள்ளும். 100 கிராம் பச்சை மீன் வெந்து வரும்போது 75, 80 கிராம்தான் நிற்கும். அந்த நீரோடு கரையக்கூடியவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வெளியேறும்: பி வைட்டமின்கள், பொட்டாசியம், அயோடினில் ஒரு பங்கு. கொழுத்த மீனாக இருந்தால் உருகிய கொழுப்பும் கசியும். குழம்பு, ஆவி, வறுவல் எதிலும் இது நடக்கும். வறுத்தால் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும் என்பது நடக்காத காரியம். சட்டியில் மீனைப் போட்டதும் கேட்கிற அந்தச் சடசட சத்தமே மீனிலிருந்து நீர் ஓடுகிற சத்தம்தான்.

எனவே எந்தச் சமையலைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கசிந்தது எங்கே போகிறது?

குழம்பில் கசிந்தது குழம்பில்தான் இருக்கிறது. அதைத்தான் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிடுகிறோம். தண்ணீரில் போய்விடும் என்கிறாரே, அந்தத் தண்ணீர் அவர் வயிற்றுக்குள்தான் போகிறது. வாழையிலையில் மடித்துச் சுட்டாலும் அப்படித்தான், சாறு இலைக்குள்ளேயே தங்கும். அவர் சொல்வது சரியாகிற இடம் வேறு. மீனைத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரைந்ததெல்லாம் சாக்கடைக்குத்தான். அதோடு ஒப்பிட்டால் வறுவலே மேல், நீர் ஆவியாகிப் போனாலும் தாது அதோடு பறந்துவிடாது. மகனின் கட்லெட்டுக்கு நீங்கள் செய்கிற வேலைதான் இது. சுறாப்புட்டுக்கு வேகவைக்கும்போதும் இதே கதை. சுறாவில் யூரியா நெடி இருப்பதால் அங்கே தண்ணீரைக் கொட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கட்லெட் மீனுக்கு அந்த அவசியம் இல்லை. இட்லித் தட்டில் துணி விரித்து, மஞ்சளும் கொஞ்சம் இஞ்சி, எலுமிச்சைச் சாறும் தடவிய துண்டுகளை வைத்து எட்டு நிமிடம் ஆவியில் அவியுங்கள். முள் எடுக்கவும் இதில்தான் லகு. கீழே வடியும் இரண்டு கரண்டிச் சாறை உருளைக்கிழங்கு மசிக்கும்போது அதிலேயே சேர்த்துவிடுங்கள், பையனுக்குத் தெரியவே தெரியாது.

வறுவலில் கொழுப்பின் கதை வேறு மாதிரி. நீர் வெளியேறிய இடத்துக்கு எண்ணெய் வருகிறது. மீனின் கொழுப்பு எண்ணெய்க்குள் இறங்குகிறது, எண்ணெய் மீனுக்குள் ஏறுகிறது. பண்டமாற்று. நீங்கள் பயன்படுத்துவது சூரியகாந்தி எண்ணெய் என்றால், அதில் வழக்கமாக 60 சதவீதம் போல லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா-6. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது குறைவு, ஆனால் ஒமேகா-3 அவற்றிலும் இல்லாத மாதிரிதான். ஆகவே மத்தியைச் சட்டி நிறைய எண்ணெயில் பொரித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒமேகா-3-யில் ஒரு பங்கு எண்ணெயோடு நின்றுவிடும், பதிலுக்கு ஒமேகா-6 வரும், கலோரி தனி. வஞ்சிரத்தில் இழக்க அவ்வளவு கொழுப்பு இல்லை; அது எண்ணெயை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சத்து அட்டவணையில் வறுத்த மீனுக்கு 100 கிராமில் அதிகப் புரதம் போட்டிருப்பதைக் காட்டி அவர் வாதாடினால் ஏமாறாதீர்கள். நீர் வற்றி எடை சுண்டியதால் எண் பெரிதாகத் தெரிகிறது. துண்டில் இருந்த புரதம் அதேதான்.

வைட்டமின் டி-யும் கொழுப்போடு பயணம் செய்கிறது. அமெரிக்காவில் 2007-ல் வந்த ஓர் ஆய்வில் சால்மன் மீனை ஓவனில் வாட்டியபோது வைட்டமின் டி ஏறக்குறைய அப்படியே இருந்தது, தாவர எண்ணெயில் பொரித்தபோது பாதிதான் மிஞ்சியது. சால்மனில் பார்த்தது, ஆனாலும் கொழுத்த மீன் எதற்கும் போக்கு இதுதான்.

உங்கள் டாக்டர் பொரிக்க வேண்டாம் என்றதற்குப் பின்னால் வேறொரு ஆய்வும் இருக்கலாம். 2003-ல் அதே நாட்டில் 65 வயது தாண்டிய சுமார் 3,900 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து எழுதியது. சூரை மீனும் வாட்டிய, சுட்ட மீனும் அடிக்கடி சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு மரணம் குறைவாக இருந்தது. பொரித்த மீனும் மீன் பர்கரும் சாப்பிட்டவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. இதை அப்படியே நம் வறுவல் மேல் போட்டுவிடக் கூடாது. அங்கே பொரித்தது பெரும்பாலும் கொழுப்பில்லாத வெள்ளை மீன், மாவில் முக்கி, கடையின் எண்ணெயில். அப்படிச் சாப்பிடுகிறவர்களின் மற்ற பழக்கங்களும் வேறாக இருந்திருக்கலாம். தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் எடுப்பதும் அதுவும் ஒன்றில்லை.

இப்போது உங்கள் மாமியார். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் ஜெயித்தவர் அவர்தான், அதுவும் மண்சட்டிக்காக இல்லை, சாளைக்காக. எப்படிச் சமைக்கிறோம் என்பதைவிட எந்த மீன் என்பது பெரிய விஷயம். சென்னையில் கவலை என்றும் மத்தி என்றும் கூடையில் வருவதும் அவருடைய சாளையும் ஒரே குடும்பம். நல்ல பருவத்தில் எண்ணெய் மத்தியில் 100 கிராமுக்குப் பத்து கிராமுக்கு மேலேயே கொழுப்பு ஏறிவிடும். முட்டையிட்டு ஓய்ந்த மாதங்களில் மூன்று நான்காக இறங்கும். கொழுத்த மத்தியில் ஒமேகா-3 100 கிராமுக்கு ஒரு கிராமைத் தாண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, பெரியவர்களுக்கு இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குறைந்தது 250 மில்லிகிராம் என்றது. வாரத்துக்கு ஒன்றே முக்கால் கிராம். கொழுத்த மத்தி இரண்டு வேளை சாப்பிட்டாலே கணக்கு முடியப் போகிறது. சமையலில் கால்பங்கு போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஓட்டல்களில் 'ஃபிஷ் ஃபிங்கர்' என்று வரும் பாசா மீனை எவ்வளவு பக்குவமாக ஆவியில் அவித்தாலும் மத்தி வறுவலின் பக்கத்தில் கூட வராது, அதில் எடுப்பதற்கு ஒமேகா-3 இருந்தால்தானே. கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு எத்தனை கிலோ மத்தி வரும் என்பதையும் உங்கள் கணவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மத்தி அலுத்தால் கானாங்கெளுத்தி இருக்கிறது, மாமியார் அயிலை என்பார். நெத்திலி ஒமேகா-3-யோடு கால்சியமும் தரும், முள்ளோடு சாப்பிடுவதால். மத்தியின் முள்ளிலும் கால்சியம் இருக்கிறது, ஆனால் வழக்கமான குழம்பில் முள் மென்று விழுங்கும் அளவுக்கு இளகாது. குக்கரில் கொஞ்சம் புளி சேர்த்துச் சின்ன தீயில் அரைமணி நேரம் வைத்தால் சின்ன மத்தியின் நடுமுள் விரலில் நசுங்கும். பி1 போனால் போகட்டும், அது பருப்பில் கிடைக்கும். உங்கள் கணவருக்கு வாரம் இரண்டு வேளை, வேளைக்கு வெந்த மீன் 85 கிராம் போல இருந்தால் போதும். நடுத்தர மத்தி என்றால் நாலைந்து.

குழம்பு வைக்கும் முறையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, மீனை வெட்டிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள். செதிலைக் கல்லில் தேய்த்து, கல்லுப்பு போட்டு உரசிக் கழுவுவதை எல்லாம் முழு மீனாக இருக்கும்போதே முடித்து, வெட்டிய துண்டை ஒருமுறை அலசி எடுங்கள். தோலை உரித்துவிடச் சொல்லாதீர்கள், கொழுப்பு தங்குவது தோலுக்கு அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும்தான். வஞ்சிரம் வாங்கும்போது நடுத்துண்டுக்கு அடித்துக்கொள்கிறோம், வயிற்றுத் துண்டும் தலையும்தான் கொழுப்புள்ள பகுதி.

இரண்டாவது, மீன் கடைசியில். புளியும் மிளகாயும் பச்சை வாடை போகும்வரை கொதிக்கட்டும், குழம்பு கெட்டியாகட்டும், அப்புறம் மீனை இறக்குங்கள். மத்திக்கு ஐந்து நிமிடம், வஞ்சிரத் துண்டுக்கு எட்டு. கரண்டி போட்டுக் கிண்டாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. சதை கண்ணாடி மாதிரி இருந்தது மாறி வெள்ளையாகி, முள்ளை விட்டுத் தானாக விலகும் நிலை வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மண்சட்டி என்றால் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடலாம், இறக்கிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாவது எண்ணெய். எண்ணெய் மிதந்தால்தான் குழம்பு என்பது ஓட்டல் கணக்கு. இதயநோயாளிக்கு என்று சிலர் தாராளமாக ஊற்றித் தாளித்துவிட்டு, பரிமாறும்போது மேலே மிதப்பதை வழித்துக் கொட்டுகிறார்கள். மத்திக் குழம்பில் அப்படி வழிக்கும்போது தாளித்த எண்ணெயோடு மீனிலிருந்து உருகிய எண்ணெயும் போகிறது. அதனால் முதலிலேயே கையைச் சுருக்குங்கள், முழுச் சட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். தாளிப்பில் வழிய வழிய ஊற்றாத புளிமுளம் என்ற நாகர்கோவில் மீன் குழம்பு உங்கள் வீட்டுக்குச் சரியாக வரும். தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பென்றால் தேங்காயைப் பாதியாக்கச் சொல்லி மாமியாரிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். சோற்றின் அளவையும் பாருங்கள். மீன் குழம்பு அன்றைக்கு எல்லோருக்கும் மூன்றாவது தடவை சோறு கேட்கும். உங்கள் கணவருக்குச் சர்க்கரையும் இருந்தால் இந்த மூன்றாவது தடவைதான் மீனைவிட எனக்குக் கவலை.

வறுவலை ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். டாக்டர் வேண்டாம் என்றது எண்ணெயில் மூழ்கப் பொரிப்பதை. மாதத்தில் இரண்டு ஞாயிறு தோசைக்கல்லில் வறுத்துக் கொடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த பிறகு மீன். அவசரப்பட்டுப் புரட்டினால் ஒட்டிப் பிய்ந்து வரும். அடிப்பக்கம் வெந்ததும் துண்டு தானாகக் கல்லை விடும், அப்போது புரட்டினால் போதும். மசாலா தண்ணியாக இருந்தால் உதிர்ந்து கல்லில் கருகும், அந்தக் கருகலைச் சுரண்டித் துண்டின் மேலே போட்டுக் கொடுப்பது உங்கள் கணவருக்குப் பிடிக்கும் என்று தெரியும், வேண்டாம். மீன், இறைச்சி எதுவானாலும் கடும் சூட்டில் கருகும்போது ஹெட்டரோசைக்ளிக் அமீன்கள் என்ற வேண்டாத சேர்மங்கள் உண்டாகின்றன. பூண்டு, மஞ்சள், எலுமிச்சை சேர்ந்த ஊறல் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். நம் மசாலாவில் இது மூன்றும் முன்பே இருக்கிறது, நல்லதுதான். கரியில் சுடுகிற மீனுக்கும் இதே எச்சரிக்கை, கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகை எழும்பினால் அந்தப் புகை மீனிலேயே வந்து படியும்.

இன்னொன்று, பொரித்த துண்டு எண்ணெயை அதிகமாகக் குடிப்பது சட்டியில் இருக்கும்போது இல்லை, வெளியே எடுத்து ஆறும்போது. உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருந்த எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். அதனால் எடுத்த சூட்டோடு வடிதட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள் அல்லது தாளில் ஒற்றுங்கள். ஆறின பிறகு ஒற்றுவதில் பாதிப் பலன் போய்விடும். மீன் வறுத்த எண்ணெயை எடுத்து வைத்து அடுத்த வாரம் மறுபடி காய்ச்சுவதை உங்கள் வீட்டில் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். மீனிலிருந்து இறங்கிய கொழுப்பு கலந்திருப்பதால் அந்த எண்ணெய் சீக்கிரம் கெடும். கடைகளுக்கே 2018 ஜூலையில் இருந்து மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெய் கெடும்போது அதில் உண்டாகும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. தெருமுனை மீன் வறுவல் கடையில் அதை யார் அளந்து பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் கடை வறுவல் வேண்டாம் என்கிறேன்.

ஏர் ஃபிரையர்: பணம் இருந்தால் வாங்குங்கள், இந்த ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டாம். எண்ணெய் குறையும், அது நிச்சயம். ஆனால் உள்ளே சுழல்வது காய்ந்த சூடான காற்று. மத்தி, நெத்திலி மாதிரி சின்னக் கொழுத்த மீனை அதில் 200 டிகிரியில் மொறுமொறுப்பாகக் காயவிட்டால் ஒமேகா-3-க்கு அது பிடிக்காது. பருத்த துண்டுகளை 180-க்குள் வைத்து, வெந்தவுடன் எடுத்துவிட்டால் தப்பில்லை. தோசைக்கல்லும் இரண்டு ஸ்பூன் எண்ணெயும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும்.

மறுநாள் குழம்பு கொடுக்கலாம். ருசி கூடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இரவே ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், காலையில் தேவையானதை மட்டும் எடுத்து ஒரே தடவை சூடாக்க வேண்டும். சட்டியோடு அடுப்பில் வைத்து மூன்று வேளையும் கொதிக்கவைத்தால் கொழுப்பு ஒவ்வொரு தடவையும் கெட்டுக்கொண்டே வரும். புளி இருப்பதால் கெடாது என்று சென்னை வெயிலில் வெளியே வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். சூரையும் சேர்த்து இந்த மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அவற்றில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். ஒருமுறை உண்டானால் கொதித்தாலும் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு என்று வரும், மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள். மாலையில் வெயிலில் கிடந்த மத்தியை விலை குறைவு என்று வாங்காதீர்கள். ஐஸில் இருப்பதை வாங்குங்கள், வந்ததும் சுத்தம் செய்யுங்கள் அல்லது உடனே ஃப்ரீசரில் போடுங்கள். சமையலால் போகாத இன்னொன்று பாதரசம், அது மீனின் புரதத்தோடு ஒட்டியிருக்கும். சுறா, மயில்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில்தான் அது சேரும். கர்ப்பிணிகளும் உங்கள் மகன் மாதிரிச் சின்னப் பிள்ளைகளும் அவற்றை அடிக்கடி சாப்பிட வேண்டாம். மத்தியும் நெத்திலியும் சிறிய ஆயுளில் சின்னதைத் தின்று வளர்பவை, அந்தப் பயம் குறைவு.

கருவாடு விஷயத்தில் உங்கள் கணவருக்கு நான் கறாராகத்தான் இருப்பேன். நீர் போய்விட்டதால் புரதமும் கால்சியமும் செறிந்திருக்கும், நெத்திலிக் கருவாட்டில் முக்கியமாக. ஆனால் உப்பும் அதோடு செறிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. ஸ்டென்ட் வைத்து, ரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவர் என்றால் ஒரு கருவாட்டுத் தொக்கில் அது கணிசமாகக் கரைந்துவிடும். கொழுத்த மீனை வெயிலில் காயவைக்கும்போது ஒமேகா-3 ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் அதிகம். மஞ்சள் பூத்து, சிக்கு வாடை அடிக்கிற கருவாடு அப்படிக் கெட்டதுதான். நீங்களும் மாமியாரும் சாப்பிடலாம், வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றி. சுறாவைப் போல இங்கேயும் தண்ணீரைக் கொட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கு ஆசைக்கு ஒரு துண்டு, அன்றைக்குக் குழம்பில் தனியாக உப்பு போடாமல்.

மீன் எண்ணெய் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதோடு இதையும் சேர்க்கலாமா என்று இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு வேளை மத்தி சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமாக இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு டாக்டர் எழுதிக்கொடுப்பதன் அளவும் வேறு. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது கொழுப்பு அளவு பார்த்த ரிப்போர்ட்டையும், இப்போது எடுக்கிற மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.